30க்கு 40 மனையில் பில்லரா, சுவரா?

பெங்களூர் அல்சூரில் என் மச்சான் பழைய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, 30க்கு 40 மனையில் புது வீடு கட்டுகிறார். 'பசுமை வீடு' என்று முடிவாகிவிட்டது. அவர் கணக்கில் பசுமை என்றால் மொட்டை மாடியில் சோலார், கீழே மழைநீர்த் தொட்டி. எனக்கென்னவோ வீடு எவ்வளவு சிமெண்டும் கம்பியும் விழுங்கும் என்பது ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரின் முதல் தாளிலேயே தீர்ந்துவிடுகிறது. மாடியின் கனம் மண்ணுக்கு இறங்குவது பில்லர் வழியாகவா, சுவர் வழியாகவா?

பெங்களூரில் பில்லர்தான் வழக்கம். "பில்லர் இல்லாத வீடா சார்? வாடகைக்குக்கூட ஆள் வராது" என்றார் தருமபுரி மேஸ்திரி. அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. கீழே கார் நிறுத்தலாம், பின்னால் சுவரை உடைத்து அறையைப் பெரிதாக்கலாம், நாலாவது மாடியும் ஏற்றலாம். ஆனால் சுவர் எதையும் தாங்காது, வெறும் மறைப்பு. தாங்குவதெல்லாம் கான்கிரீட்தான். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது எரிபொருள் விடும் புகையைவிட, கல்லுக்குள்ளிருந்தே கிளம்பும் கரியமில வாயுதான் அதிகம். சூளையைச் சூரிய வெப்பத்தில் ஓட்டினாலும் அது நிற்காது. இரும்பாலைக் கசடு கலந்த சிமெண்ட் வாங்கினால் அந்த வாயு கொஞ்சம் குறையும். ஆனால் மெதுவாக இறுகும் என்பதால் சென்ட்ரிங் பலகையைப் பிரிக்க அவசரப்படக் கூடாது.

சுவரே தாங்கும் வீட்டுக்கு மண் கல் போதும். நம் ஊர்க்காரர்கள் டாடா இன்ஸ்டிடியூட் என்று சொல்லும் இந்திய அறிவியல் கழகத்தில், 1974இல் தொடங்கிய அஸ்த்ரா மையம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. செம்மண்ணில் களி அதிகமிருந்தால் மணல் சேர்த்து, 6 முதல் 8 சதவீதம் சிமெண்ட் கலந்து, அச்சில் போட்டு நெம்புகோலை அழுத்தினால் கல் வந்துவிடும். சூளை கிடையாது, சாக்கு போர்த்தி மூன்று வாரம் நனைக்க வேண்டும், அவ்வளவுதான். 9 அங்குலச் சுவரில் தரைத் தளமும் ஒரு மாடியும் தாராளமாக நிற்கும்.

நிபந்தனைகளும் உண்டு. கீழ்ச் சுவர் மேலேதான் மேல் சுவர், ஜன்னல் மேலேதான் ஜன்னல். பெங்களூரில் நிலநடுக்க அபாயம் குறைவுதான் என்றாலும், கதவு ஜன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் சுற்றிலும் பெல்ட் கான்கிரீட் வேண்டும். அப்புறம், பிளம்பர் பைப் பதிக்கச் சுவரைக் குறுக்கே வெட்டாமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள்!

காற்றுக் குமிழ் நிறைந்த ஏஏசி கல் எடை குறைவு, கான்கிரீட் சாலிட் பிளாக்கில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். அடுக்குமாடிக்குச் சரி, இந்தச் சின்ன மனைக்கு அவ்வளவு அவசியமில்லை.

பில்லர் வீடோ சுவர் வீடோ, தளத்தின் கான்கிரீட்டை மட்டும் இரண்டிலும் குறைக்கலாம். 5 அங்குலத் தளம் சதுர மீட்டருக்கு 310 கிலோ. அதன் கீழ்ப்பாதியில் இழுவிசையைத் தாங்குவது கம்பி, கான்கிரீட்டுக்குப் பெரிதாக வேலையில்லை. அங்கே கம்பிகளுக்கு நடுவே மங்களூர் ஓடுகளை வைத்துவிடலாம். தளம் இளைத்தால் பீமும் அஸ்திவாரமும் சேர்ந்து இளைக்கும்.

மச்சான் கேட்டதோ கீழே கார், மேலே மூன்று வாடகை வீடு. அதற்குப் பில்லர்தான், நானும் ஒப்புக்கொண்டேன். உடனே "அப்ப பில்லருக்கு நடுவுல மண் கல் வைக்கலாமே" என்றார். பாரம் தூக்கத் தெரிந்த ஆளுக்குக் கூலி கொடுத்து வேடிக்கை பார்க்க நிறுத்துவதா? வேண்டாம் என்றேன். நிலத்தடித் தொட்டிக்குத் தோண்டிய நல்ல செம்மண் மூன்று டிப்பரில் போனது, அதை அள்ளிப் போகவும் காசு கொடுத்தோம்.