யூரோப்பியம், டெர்பியம் ஆய்வுக்கு கேரி எக்ளிப்ஸ்: எதற்கு உதவும், எதற்குப் போதாது

லிகண்டுகள் (உலோக அயனியோடு பிணையும் மூலக்கூறுகள்) யூரோப்பியம், டெர்பியம் போன்ற லாந்தனைடு அயனியைச் சுற்றித் தாமே கூடி அமையும் சேர்மங்களை ஆராயும் ஆய்வகம் ஒளிர்வை அளக்கும் ஃப்ளூரோமீட்டர் ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், அஜிலென்ட் கேரி எக்ளிப்ஸையே பரிந்துரைப்பேன். காரணம் அதன் விளக்கு. செனான் விளக்கு தொடர்ந்து எரியாமல் நொடிக்கு 80 முறை வரை, சில மைக்ரோவிநாடிகள் மட்டுமே மின்னுகிறது. யூரோப்பியம் சேர்மங்களின் ஒளிர்வோ பெரும்பாலும் மில்லிவிநாடிக் கணக்கில் நீடிக்கும். மின்னிய பின் காத்திருந்து அளக்கும் பாஸ்பரசன்ஸ் முறையில் அந்தக் காத்திருப்பை, அதாவது டிலேயை, 0.1 மில்லிவிநாடி வைத்தாலே லிகண்டின் ஒளிர்வும் சிதறல் ஒளியும் அடங்கிவிடும். 590, 616, 700 நானோமீட்டர் அருகே யூரோப்பியத்தின் பட்டைகள் மட்டும் தெளிவாக நிற்கும். அளக்கும் நேரத்தில் மட்டுமே விளக்கு மின்னுவதால், சிறிது சிறிதாகச் சேர்த்து அளக்கும் நீண்ட டைட்ரேஷனிலும் மாதிரி அதிகம் சிதையாது.

கவனம் தேவைப்படுவதும் அந்த டிலேயில்தான். நீரில் லிகண்ட் இல்லாத யூரோப்பியத்தின் ஒளிர்வு ஆயுள் (ஒளி ஏறக்குறைய 37 சதவீதமாகத் தேயும் நேரம்) சுமார் 0.11 மில்லிவிநாடி. 0.1 டிலேயில் அதன் ஒளியில் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும்; 1 மில்லிவிநாடி ஆயுள் உள்ள சேர்மம் 10 சதவீதத்தைத்தான் இழக்கும். அதனால் இந்த முறையில் எடுத்த இரண்டு நிறமாலைகளின் உயரத்தை அப்படியே ஒப்பிட்டு "இந்த லிகண்ட் அதிகம் ஒளிர்கிறது" என்று எழுதக் கூடாது. சாதாரண ஃப்ளூரசன்ஸ் முறைக்கு மாறினாலும் சிக்கல் தீராது: மின்னும் கணத்தை ஒட்டியே அளப்பதால் நீண்ட ஆயுள் ஒளி குறைத்துக் காட்டப்படும். குவாண்டம் ஈவை (உறிஞ்சிய ஒளியில் எவ்வளவு ஒளிர்வாகத் திரும்புகிறது என்பதை) அளக்கத் தொடர்ந்து எரியும் விளக்குள்ள கருவி வேண்டும். ஃப்ளூரசன்ஸ் முறையில் 308 நானோமீட்டரில் தூண்டினால் அதன் இரண்டாம் வரிசைச் சிதறல் சரியாக 616-இல் வந்து விழும். 430-க்கு மேல் மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டே ஓட்டவும்.

ஆயுள் அளப்பதில்தான் இதன் மதிப்பு தெரியும். நீரிலும் கனநீரிலும் ஆயுளை மில்லிவிநாடியில் எடுத்து, இரண்டின் தலைகீழ் மதிப்புகளின் வித்தியாசத்திலிருந்து 0.25 கழித்து 1.2-ஆல் பெருக்கினால், யூரோப்பியத்தில் ஒட்டியிருக்கும் நீர் மூலக்கூறுகளின் எண்ணிக்கை கிடைக்கும். டெர்பியத்துக்கு 0.06 கழித்து 5-ஆல் பெருக்க வேண்டும். மொத்தத் தேய்வு நேரத்தை ஆயுளைப் போல் ஐந்து மடங்காவது வையுங்கள். கனநீரில் 4 மில்லிவிநாடி என்றால் 20. குறைத்தால் முந்தைய மின்னலின் மிச்சம் அடுத்த அளவீட்டில் கலந்து ஆயுள் பிசகும்.

கருவி திருத்தித் தராத பிழைகளும் உண்டு. கரைசல் தயாரிக்க எடுக்கும் லாந்தனைடு ட்ரைஃப்ளேட் உப்புகள் ஈரம் உறிஞ்சும். எடையை நம்பாமல் சைலெனால் ஆரஞ்சை நிறங்காட்டியாக வைத்து, ஈடிடிஏ-ஆல் டைட்ரேட் செய்து செறிவைக் கண்டுபிடியுங்கள். பாஸ்பேட் பஃபர் வேண்டாம், லாந்தனைடு பாஸ்பேட்டாக வீழ்படியும்.

கருவியின் மிகக் குறுகிய ஸ்லிட் (ஒளியை அலைநீள வாரியாகப் பிரித்து விடும் பிளவு) 1.5 நானோமீட்டர். யூரோப்பியம் பட்டைகளின் நுண்பிளவைப் பார்க்க இது போதாது. இட்டெர்பியம் 980-இல், நியோடிமியம் 1060-இல் ஒளிரும். இதன் டிடெக்டர் 900-ஐத் தாண்டாது என்பதால் அவற்றை அளக்க முடியாது.

பணம் கட்டும் முன் செயல்விளக்கம் கேளுங்கள். யூரோப்பியத்துக்கு மூன்று மடங்கு டைபிகோலினிக் அமிலம், 0.1 மோலார் டிரிஸ் பஃபர், பிஎச் 7.45, 75 மைக்ரோமோலார் கரைசல், குவார்ட்ஸ் குவெட், 279-இல் தூண்டல். ஒரே ஆயுள் கொண்ட அடுக்குக்குறித் தேய்வாக 1.6 முதல் 1.7 மில்லிவிநாடி வர வேண்டும்.