இப்போதே தியேட்டரா, நாலு வாரம் கழித்து வீட்டிலா?

வெள்ளிக்கிழமை புதுப் படம் வந்தால் எங்கள் வீட்டில் நடக்கும் பேச்சு ரொம்பச் சின்னது. "போலாமா?" என்பேன் நான். "எதுல வருதாம்?" என்பாள் மனைவி. அவள் கேட்பது தியேட்டரின் பெயரை இல்லை, ஓடிடியின் பெயரை. பதில் தெரிந்ததும் விரல்விட்டு எண்ணுவாள். நாலு வாரம். பிள்ளைகளின் பரீட்சை, மாதக் கடைசி, மழை என்று ஏதாவது ஒன்று நடுவில் வந்தால் போதும், படம் வீட்டுக்கே வந்துவிடும்.

அதனால் தியேட்டரா ஓடிடியா என்ற பட்டிமன்றத்தில் எனக்கு அக்கறை குறைந்துவிட்டது. எங்கள் முன்னால் நிஜமாக இருப்பவை மூன்று: மால் மல்டிபிளெக்ஸ், ஏரியா தியேட்டர், நாலு வாரப் பொறுமை. முதல் இரண்டையும் 'தியேட்டர்' என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் கணக்கு தப்புகிறது.

பொறுமையிலிருந்தே தொடங்கலாம். 2013-இல் வந்த 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பே டிடிஎச்சில், அதாவது வீட்டு டிஷ் டிவியில், காட்டப்போகிறேன் என்று கமல்ஹாசன் சொன்னபோது தியேட்டர்காரர்கள் கொதித்தார்கள். அந்தத் திட்டம் நடக்கவில்லை. 2020 மே மாதம், கொரோனாவால் கொட்டகைகள் பூட்டிக் கிடந்தபோது 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமுக்குப் போனது. அப்போதும் கோபம்தான். 2021 பொங்கலுக்குப் பாதி இருக்கைகளோடு வந்த 'மாஸ்டர்' பதினாறே நாளில் ஓடிடிக்கு வந்தது. பிறகு ஒருவழியாக நாலு வாரம் என்பது தமிழில் வழக்கமாகிவிட்டது. இந்திக்கு எட்டு வாரம். இந்த வித்தியாசத்தால்தான் 2023-இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பை நாடு முழுக்கக் கிளை வைத்திருக்கும் மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் திரையிடவில்லை. வேடிக்கை என்னவென்றால், டிடிஎச் பக்கம் நின்ற அதே கமல் 2025-இல் 'தக் லைஃப்' படத்துக்கு எட்டு வாரம் ஓடிடி கிடையாது என்று அறிவித்தார். ஜூன் 5-இல் வந்த படம், வசூல் படுத்ததும், ஜூலை 3-இல் நெட்ஃப்ளிக்ஸில் இருந்தது. எண்ணிப் பாருங்கள், சரியாக இருபத்தெட்டு நாள். என் மனைவி நாள்காட்டியைத்தான் நம்புவாள், அறிவிப்பை நம்பமாட்டாள்.

இனி காசு. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசு உச்சவரம்பு வைத்திருக்கிறது. 2017 அக்டோபரில் மல்டிபிளெக்ஸுக்கு வரி நீங்கலாக 150 ரூபாய் என்று உயர்த்தினார்கள். வரியெல்லாம் சேர்த்து இருநூறுக்குள் வரும். பெங்களூரில் பெரிய படத்துக்கு வார இறுதியில் ஐந்நூறைத் தாண்டிக் கொடுத்தவர்களுக்கு இது கொள்ளை மலிவு. ஆனால் மால்காரருக்கு வருமானம் டிக்கெட்டோடு முடிவதில்லையே. நாங்கள் நாலு பேர் போன ஒரு ஞாயிற்றுக்கிழமை: டிக்கெட், ஆன்லைன் கட்டணம் சேர்த்து 900 ரூபாய்ப் பக்கம். பாப்கார்ன், கூல்டிரிங்க்ஸ், பெரியவனுக்கு மட்டும் நாச்சோஸ் என்று இடைவேளையில் இன்னொரு 900. மணிக்கணக்கில் ஏறும் பார்க்கிங் தனி. வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்தால், பிரைமின் ஓராண்டுச் சந்தாவான 1,499 ரூபாயை ஒரே சாயங்காலத்தில் தாண்டியிருந்தோம்.

வெளியிலிருந்து தீனி கொண்டுவருவதைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு, ஆனால் குடிதண்ணீர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அன்று அந்த மாலில் தண்ணீர் கேட்டேன். மூலையில் இருந்த கேனைக் காட்டினார்கள். டம்ளர் இல்லை. கேட்டால், "பாட்டில் வாங்கிக்கங்க சார், கவுண்டர்ல இருக்கு."

ஓடிடியும் ஒன்றும் தர்மசத்திரம் இல்லை. 2025-இல் பிரைமிலும் விளம்பரம் நுழைந்தது, வேண்டாம் என்றால் வருடத்துக்கு இன்னொரு 699. ஒவ்வொரு படமும் ஒவ்வொரு இடத்தில் இருப்பதால் இரண்டு மூன்று சந்தா இல்லாமல் தீராது. அப்படியும் குடும்பத்தோடு பார்ப்பவனுக்கு வீடுதான் லாபம், மால் பக்கத்தில்கூட நிற்க முடியாது.

ஆனால் ஏரியா தியேட்டர் நிற்கிறது. எங்கள் பக்கம் இருக்கும் ஒன்றில் நூறு ரூபாய்ச் சொச்சத்தில் டிக்கெட். வண்டிக்கு இருபது. இடைவேளையில் சமோசாவும் டீயும். தனியாகவோ நண்பனோடோ போகிறவனுக்கு இருநூறு ரூபாயில் முடிந்துவிடும். இருக்கை மாற்றி, புரொஜெக்டர் மாற்றி, கழிவறையையும் கவனித்துக்கொண்ட இப்படிப்பட்ட தியேட்டர்களில்தான் எனக்கு நம்பிக்கை.

படமும் ஒலியும் எப்படி? தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதி விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். வீட்டில் 4கே பார்க்க நெட்ஃப்ளிக்ஸ் கேட்கும் இணைய வேகம் 15 மெகாபிட். பகல் காட்சியில் இது பெரிதாகத் தெரியாது. இருட்டு அறைக்குள் ஒருவன் நடந்து வரும் காட்சியைப் பாருங்கள். நல்ல தியேட்டரில் அவன் தோள் சுவரிலிருந்து பிரிந்து தெரியும். வீட்டில் அதே இடத்தில் கறுப்பு கட்டம் கட்டமாக நெளியும். டிவியில் அசைவை வழவழப்பாக்கும் அமைப்பு ஒன்று இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து அதை அணைக்காமலே பார்ப்பவர்கள் அதிகம். கோடிக்கணக்கில் செலவழித்து எடுத்த படம் மெகா சீரியல் மாதிரி ஓடும். ஒலி இன்னும் மோசம்: ராத்திரி பத்து மணிக்கு ரிமோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு வசனத்துக்கு ஏற்றி, சண்டைக்கு இறக்கி, பிள்ளை எழுந்துவிடுவானோ என்று பார்த்து.

என்றாலும் இதெல்லாம் நல்ல தியேட்டருக்குத்தான் பொருந்தும். புரொஜெக்டர் லாம்ப் மாற்றும் செலவுக்குப் பயந்து மங்கலாகவே ஓட்டும் இடங்களும் உண்டு. அங்கே 3டி படம் பார்த்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

அப்புறம் வீட்டில் இல்லாத ஒரு தொல்லை, கேடிஎம். படம் தியேட்டருக்கு முன்பே வந்துவிடும், பூட்டிய பெட்டியாக. எந்த சர்வரில், எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை ஓடலாம் என்று சொல்லும் டிஜிட்டல் சாவிதான் கேடிஎம். தயாரிப்பாளருக்கும் பைனான்சியருக்கும் கணக்குத் தீராவிட்டால் சாவி வராது. ஒரு முறை ஒன்பது மணி காட்சிக்கு பதினொன்றரை வரை வாசலில் நின்றிருக்கிறேன். மேனேஜர் ஒவ்வொரு முறை வெளியே வந்தபோதும் ஒரே வசனம்: "கேடிஎம் வரலைங்க." உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது, படம் ஓடவில்லை.

கவனம் என்ற விஷயத்தில் நான் வீட்டுக்கு மதிப்பெண்ணே கொடுக்கமாட்டேன். ரெண்டேகால் மணி நேர மலையாளப் படம் ஒன்றை நாலு ராத்திரியாகப் பார்த்தேன். குக்கர் விசில், போன், 'ஒரு நிமிஷம் இருங்க, நானும் வரேன்'. இன்னும் அரைகுறையாக விட்ட பதினோரு படங்கள் 'தொடர்ந்து பார்க்க' வரிசையில் கிடக்கின்றன. நிதானமாகப் போகிற படத்துக்கு இது விஷம்.

ஆனாலும் அந்த மலையாளப் படங்களை எங்களுக்கு அறிமுகப்படுத்தியது வீடுதான். ஊரடங்கு நாட்களில் சப்டைட்டிலோடு பார்த்துப் பழகியவர்கள் பலர். 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் மலையாளத்திலேயே அப்படி ஓடியதற்கு அதில் வரும் 'குணா' பாட்டு பாதிக் காரணம் என்றால், மீதிக்கு இந்தப் பழக்கத்தைத்தான் சொல்வேன். ஓடிடி விதைத்ததைத் தியேட்டர் அறுத்தது. அதே வருடம் ஏப்ரலில் 'கில்லி' மறுபடி வந்து அரங்கு நிறைந்தது. அத்தனை முறை டிவியில் போட்ட, வசனம் முழுக்க மனப்பாடமான படம். அதற்குப் போனவர்கள் கதை தெரிந்துகொள்ளவா போனார்கள்? பக்கத்து சீட்டுக்காரனோடு சேர்ந்து கத்தப் போனார்கள்.

தியேட்டர்கள் மூடுவதற்கெல்லாம் ஓடிடியே காரணம் என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அசோக் நகர் உதயம் 2024-இல் மூடியபோது எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், அந்த இடத்து நிலத்தின் விலையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அண்ணா சாலை சஃபையர் போனபோது ஓடிடி ஏது? 1952-இல் 'பராசக்தி'யோடு திறந்த மதுரை தங்கம் தியேட்டரை இடித்தபோதும் இல்லை. நெட்ஃப்ளிக்ஸ் இந்தியாவுக்கு வந்ததே 2016 ஜனவரியில்.

உண்மையில் அடிபடுவது சின்னப் படம். பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாலு நாள் மால், ஏரியா தியேட்டர் இரண்டும் நிறையும். சின்னப் படத்துக்குக் காலை பத்தரைக்கு ஒன்று, ராத்திரி பத்துக்கு ஒன்று. நல்லாயிருக்கு என்ற பேச்சு பரவ ஒரு வாரம் வேண்டும், அடுத்த வெள்ளிக்குள் தூக்கிவிடுவார்கள். முன்பு ஓடிடிக்காரர்கள் தாராளமாக வாங்கினார்கள். 2021-இல் 'ஜெய் பீம்' தியேட்டர் வாசலை மிதிக்காமலே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது தியேட்டரில் எவ்வளவு ஓடியது என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுகிறார்கள். அதனால் பேர் தெரியாதவர்கள் எடுத்த, ஆனால் நாலு பேர் நல்லாயிருக்கு என்று சொன்ன படத்தை மட்டும் நாலு வாரப் பொறுமைக்கு விடக்கூடாது என்று எனக்கு நானே வைத்திருக்கிறேன். பெரிய படம் எங்கே ஓடிப்போகிறது?

போன புதன்கிழமை அப்படித்தான் கிளம்பினேன். ஏரியா தியேட்டர், ராத்திரிக் காட்சி. கவுண்டருக்கு வெளியே ஏழு பேர். "பத்துப் பேராவது வந்தாத்தான் ஷோ சார்" என்றார் உள்ளே இருந்தவர், டிக்கெட் கிழிக்காமல். ஒரு பையன் போனை எடுத்து யாரையோ, "டேய், பேன்ட் மாட்டிட்டு வாடா, காசு நான் தரேன்" என்று கெஞ்சினான். பத்தேகாலுக்கு ஒரே பைக்கில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். கவுண்டர்காரர் எங்களை ஒரு முறை எண்ணினார், உள்ளே பார்த்துக் கை காட்டினார். ஒன்பது பேருக்குப் படம் போட்டார்கள். இடைவேளையில் டீ மட்டும் போடவில்லை.