தில்லியா, பெங்களூரா: மாற்றலுக்கு முன் ஒரு கணக்கு

வங்கி வேலையில் மாற்றல் என்றால் பெரும்பாலும் கேட்காமலே தூக்கிப் போடுவார்கள். எனக்கு அதிசயமாக இரண்டு ஊரைச் சொல்லி எது வேண்டும் என்று கேட்டார்கள்: பெங்களூர், தில்லி. திண்டுக்கல்லில் யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான். "ராத்திரி மைசூர் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியறப்ப பெங்களூரு. இதுல யோசிக்க என்ன மாப்ள இருக்கு?" என்றார் மாமனார். யோசித்தேன். தில்லி என்று எழுதிக் கொடுத்தேன். இங்கே இரண்டு குளிர்காலம் கழிந்துவிட்டது.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். வெயில், குளிர், காற்று மூன்றிலும் பெங்களூர்தான் ஜெயிக்கும். தீபாவளி முடிந்த கையோடு தில்லியில் கண் எரியும், தொண்டை கரகரக்கும். சாப்பாட்டிலும் பெங்களூர்தான். ஜனவரியில் எங்கள் வீட்டு இட்லி மாவு கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறது, அப்போதும் பொங்குவதில்லை. வீட்டு அட்வான்ஸில் மட்டும் தில்லி கொஞ்சம் மலிவு. மச்சினன் பெங்களூரில் பத்து மாத வாடகையைக் கட்டினான், நான் இரண்டு மாதத்தோடு தப்பித்தேன்.

என் முடிவைத் தீர்மானித்தது இது எதுவும் இல்லை. மகளின் தமிழ்ப் பாடம்.

அவள் அப்போது மூன்றாம் வகுப்பு முடித்திருந்தாள். எங்கே போனாலும் நாலைந்து வருஷத்தில் ஊர் திரும்பப் போகிறோம். தமிழ்நாட்டில் 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயப் பாடம். எட்டாம் வகுப்பில் வந்து சேரும் பிள்ளைக்கு அதுவரை தமிழ் எழுத்தே விட்டுப்போயிருந்தால் என்ன ஆகும்? கர்நாடகத்திலும் 2015இல் இதே மாதிரிச் சட்டம் வந்தது: கன்னடம் முதல் மொழி, இல்லையென்றால் இரண்டாம் மொழி. அதில் தப்பு சொல்ல எனக்கு வாய் இல்லை, நாமும் அதைத்தானே செய்கிறோம். ஆனால் ஆங்கிலம் ஒரு இடம், கன்னடம் ஒரு இடம் என்றான பிறகு தமிழ் எங்கே உட்காரும்? மச்சினன் மகன் கன்னடத்தை முத்து முத்தாக எழுதுகிறான். திண்டுக்கல் பஸ்ஸில் போர்டு படிக்க என்னைக் கூப்பிடுகிறான். அல்சூர் ஏரிக்கரையில் தமிழ்ச் சங்கம் இருக்கிறதுதான். ஊரின் கிழக்கு ஓரத்து ஒயிட்ஃபீல்டிலிருந்து போய்வர ஞாயிற்றுக்கிழமை காலி.

தில்லியில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள் இருக்கின்றன. 1920களில் அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த தமிழர்கள் போட்ட விதை. மந்திர் மார்க், லோதி எஸ்டேட், ஜனக்புரி, ராமகிருஷ்ணபுரம் என்று ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும். சி.பி.எஸ்.இ. பாடத்திட்டம், கூடவே தமிழ். அதனால் பள்ளியை முதலில் முடிவு செய்தோம், வீட்டை அப்புறம் தேடினோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள். தலைகீழாகச் செய்தால் பிள்ளை தினம் ஒன்றரை மணி நேரம் வேனில் கிடக்கும்.

வீட்டுக்கு வெளியே இந்திதான், அதை மறைக்க முடியாது. முதல் வாரம் காய்கறி வண்டிக்காரரிடம் மனைவி சாம்பார் பொடிக்கு மல்லி விதையை நினைத்து "தனியா" என்று கேட்டாள்; இந்தியில் அது தழைக்கும் பேர். அவர் சிரித்துக்கொண்டே ஒரு பிடி கொத்தமல்லித் தழையைப் பையில் திணித்தார், காசு வாங்கவில்லை. இப்போது தழைக்கு மகள் பேரம் பேசுகிறாள், விதைக்கு மளிகைக் கடை என்று எங்களுக்கும் தெரிந்துவிட்டது. அவள் வகுப்பில் தில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பிள்ளைகள் நிறைய. தமிழ்ப் பீரியடில் தமிழ், மணி அடித்ததும் வராந்தாவில் இந்தி. வல்லினம் மிகும் இடத்தில் மகள் இன்னும் தடுமாறுகிறாள், ஆனால் எழுதுகிறாள்.

ஒன்று சொல்லியாக வேண்டும். நான் பெங்களூரில் ஒரு வாரத்துக்கு மேல் தங்கியதில்லை; அந்த ஊரைப் பற்றி நான் சொல்வதில் பாதி மச்சினன் புலம்பல். பிள்ளை ப்ளஸ் டூ முடித்தவர்களுக்கும், ஊர் திரும்பும் எண்ணமே இல்லாதவர்களுக்கும் என் கணக்கு செல்லாது.

வயதான பெற்றோர் தனியாக இருந்தால் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம். போன ஜனவரியில் அப்பா வழுக்கி விழுந்தார். திண்டுக்கல் வழியாகப் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வாரத்தில் இரண்டு நாள்தான், அதிலும் நீண்ட பயணம். விமானம் பிடித்து மதுரையில் இறங்கி நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, மச்சினன் அப்பாவுக்குக் காலை டிபன் ஊட்டி முடித்திருந்தான்.