ஏழு பேர், மூன்று துரோகிகள், ஒரு மெர்லின்: அவலான் ஆடிப் பாருங்கள்

சின்ன வயதில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டு ஆடியிருப்பீர்கள். திருடன் சீட்டு வந்ததும் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒரு நிமிடம் தவிப்போமே, அந்தத் தவிப்பை முக்கால் மணி நேரத்துக்கு இழுத்தால் அதுதான் அவலான். டான் எஸ்கிரிட்ஜ் உருவாக்கி 2012இல் வந்த ஆட்டம். அவருடைய முந்தைய ஆட்டமான தி ரெசிஸ்டன்ஸின் விதிகள்தான் அடிப்படை. கதை மட்டும் ஆர்தர் மன்னர் காலத்துக்குப் போய்விட்டது. 5 முதல் 10 பேர் வரை ஆடலாம். ஒரு வருடமாக எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமை இரவென்றால் இதுதான்.

ஏழு பேர் உட்கார்ந்தால் நான்கு பேர் நல்லவர்கள், மூன்று பேர் துரோகிகள். தலைவர் பொறுப்பு சுற்றி வரும். தலைவர் பணிக்கு ஆள் எடுப்பார், எல்லோரும் ஓட்டுப் போடுவார்கள். குழு தேறினால் அதில் இருப்பவர்கள் வெற்றிக் கார்டையோ தோல்விக் கார்டையோ கவிழ்த்துக் கொடுப்பார்கள். நல்லவர் வெற்றி மட்டும்தான் கொடுக்க முடியும். குலுக்கித் திருப்பும்போது ஒரே ஒரு தோல்வி இருந்தாலும் பணி போச்சு. நல்லவர்கள் ஜெயிக்க ஐந்தில் மூன்று பணி முடிய வேண்டும்.

இதோடு நின்றிருந்தால் நான்கைந்து வாரத்தில் அலுத்திருக்கும். அலுக்காததற்குக் காரணம் மெர்லின். மெர்லினுக்குத் துரோகிகள் யார் என்று தெரியும். ஆனால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நல்லவர்கள் மூன்று பணி முடித்த பிறகும், மெர்லின் யார் என்று துரோகிகளில் ஒருவரான கொலையாளி சரியாகக் கைகாட்டிவிட்டால் ஆட்டம் துரோகிகளுக்குப் போய்விடும். தெரிந்ததைத் தெரியாத மாதிரி சொல்லிப் புரியவைக்க வேண்டும். இவ்வளவு அழகான சிக்கலை வேறு எந்த போர்டு கேமிலும் நான் பார்த்ததில்லை.

போன மாதம் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து வீட்டு அக்கா முதல்முறையாக வந்திருந்தார். நான் பெர்சிவல், நல்லவர் பக்கம். ஆட்டத் தொடக்கத்தில் எல்லோரும் கண்ணை மூடியிருக்க, பெர்சிவல் மட்டும் கண்ணைத் திறக்கும்போது இரண்டு பேர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவார்கள். ஒருவர் மெர்லின், இன்னொருவர் மெர்லின் போல நடிக்கும் மோர்கனா. கண்ணைத் திறந்தால் ஒரு விரல் அக்காவுடையது, இன்னொன்று என் தம்பியின் நண்பனுடையது. யார் எவர் என்று தெரியவில்லை.

இரண்டாவது பணிக்கு அந்த நண்பனைச் சேர்த்து மூன்று பேர். அக்கா யோசிக்காமல் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார். ஏன் என்று தம்பி கேட்டதற்கு, "எனக்கு என்னமோ மனசுக்கு ஒப்பலப்பா" என்றார். குழு தேறியது, பணி தோற்றது. எனக்கு விளங்கிவிட்டது. ஆனால் தம்பியின் பார்வை டீ டம்ளரை உருட்டிக்கொண்டிருந்த அக்காவின் விரல்களிலேயே இருந்தது.

அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கும் முன்னால் நான் பேச ஆரம்பித்தேன். இந்தக் குழு வேண்டாம், அவனை எடுக்காதே, இவளை எடு என்று எல்லாம் தெரிந்தவள் மாதிரி அடித்துப் பேசினேன். மூன்றாவது பணி ஜெயித்தது. நான்காவதில் தம்பி உள்ளே புகுந்து ஒரு தோல்விக் கார்டு போட்டான். ஏழு பேர் ஆட்டத்தில் நான்காவது பணியைக் கவிழ்க்க மட்டும் இரண்டு தோல்வி வேண்டும். தப்பித்தோம். முதல் பணியோடு சேர்த்து மூன்று முடிந்துவிட்டது, இனி கொலையாளியின் முறை.

தம்பிதான் கொலையாளி. கார்டைத் திருப்பி வைத்துவிட்டு அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். "அக்கா புதுசு, இவ்வளவு தூரம் மறைக்க முடியாது. நீதான்" என்று என் பக்கம் விரலை நீட்டினான். நான் பெர்சிவலைத் திருப்பினேன். அக்கா தன் கார்டை மெதுவாகத் திருப்பி நடுவில் வைத்தார். மெர்லின். மாடியில் எழுந்த சத்தத்தில் கீழ் வீட்டில் விளக்குப் போட்டுவிட்டார்கள்.

பெட்டியில் 30 நிமிடம் என்று இருக்கிறது. எங்களுக்கு 45 ஆகிறது. ஏழு, எட்டு பேர்தான் சரியான அளவு. பத்துப் பேரில் இரண்டு பேர் சத்தம் போட்டே ஆட்டத்தைத் தூக்கிப் போய்விடுகிறார்கள், அமைதியானவர்கள் காணாமல் போகிறார்கள். ஓபெரான் பாத்திரம் எனக்குப் பிடிக்கவில்லை. சக துரோகிகளைத் தெரியாத துரோகி அவர். அது வருகிறவருக்குச் சும்மா உட்கார்ந்திருக்கிற உணர்வு.

நண்பர் நம் கண்ணைப் பார்த்துப் பொய் சொல்வதை எல்லோராலும் எளிதாக எடுத்துக்கொள்ள முடியாது. எங்கள் கூட்டத்தில் ஒருவர் "அம்மா மேல சத்தியமா நான் நல்லவன்" என்று சொல்லி, நம்பிய இன்னொருவர் நிஜமாகவே மனம் நொந்து இரண்டு வாரம் வரவில்லை. அன்றிலிருந்து எங்கள் மாடியில் சத்தியம் செய்யக் கூடாது. அப்புறம் வளையலும் கூடாது. எல்லோரும் கண்ணை மூடியிருக்கும்போது கை உயர்ந்தால் கிலுங்குகிறது, யார் கை என்று தெரிந்துவிடுகிறது. இப்போது ஒரு கையால் எல்லோரும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கிறோம்.

வாங்கினால் முதல் வேலையாகக் கார்டுகளுக்கு ஸ்லீவ் (பிளாஸ்டிக் உறை) போட்டுவிடுங்கள். எங்கள் மோர்ட்ரெட் என்ற துரோகியின் கார்டில் ஒரு மூலை மடங்கி, மூன்று வாரம் அது யார் கைக்குப் போனாலும் எல்லோருக்கும் தெரிந்தது.