லீட் 5ஆம் பதிப்பு: கான்கிரீட்டையும் கணக்கில் சேர்த்த சான்றிதழ்

அமெரிக்கப் பசுமைக் கட்டிட மன்றம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட லீட் என்ற பசுமைக் கட்டிடத் தரச்சான்றின் 5ஆம் பதிப்பில், புதிய கட்டுமானங்களுக்கான பிரிவை மட்டும், அதுவும் கட்டுமானப் பொருட்களில் பொதிந்துள்ள கார்பனை, அதாவது அவற்றைத் தயாரிக்கும்போது வெளியேறும் கார்பன் உமிழ்வை, அது எப்படிக் கையாளுகிறது என்ற ஒரே கோணத்தில், இங்கே மதிப்பிடுகிறேன். முந்தைய பதிப்புகளின் பெரிய ஓட்டை அங்கேதான் இருந்தது.

4.1ஆம் பதிப்பில் மொத்தம் 110 புள்ளிகள். 80 எடுத்தால் பிளாட்டினம் என்ற மிக உயர்ந்த தரநிலை; அதற்கு அடுத்தது தங்கம். பொருட்களின் வாழ்நாள் தாக்கத்தை, அதாவது தயாரிப்பு முதல் அகற்றுவது வரை சூழலுக்கு ஏற்படும் பாதிப்பை, குறைப்பதற்கு அதிகபட்சம் 5 புள்ளிகள்தாம், அவையும் விருப்பத்தின் பேரில். ஆகவே, தூண்களிலும் தளங்களிலும் எவ்வளவு கார்பன் அடங்கியிருக்கிறது என்று ஒருவரும் கணக்கிடாமலேயே ஒரு கட்டிடம் பிளாட்டினம் வாங்கிவிட முடிந்தது. எதையும் குறைக்காமல் அந்தத் தாக்கத்தை அளக்கும் வாழ்நாள் ஆய்வை மட்டும் செய்தால் 1 புள்ளி. சைக்கிள் வசதிக்கும் அதே 1 புள்ளி.

சிமென்ட் உற்பத்தியில் சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1,450 பாகை செல்சியஸ் வரை சுட்டு, சிமென்ட்டின் மூலப்பொருளான கிளிங்கர் ஆக்கும்போது வெளியேறும் கார்பன் டை ஆக்சைடில் பாதிக்கும் மேல் எரிபொருளிலிருந்து அல்ல, அந்தக் கல்லிலிருந்தே வருகிறது. கட்டிடத்தில் ஆள் குடியேறும் முன்பே அது வளிமண்டலத்தில் கலந்துவிடுவதால், பிறகு மொட்டைமாடியில் எத்தனை சூரியத் தகடுகள் பதித்தாலும் அதைத் திரும்பப் பெற முடியாது.

புதிய பதிப்பு இந்தக் கார்பன் கணக்கைக் கட்டாய முன்நிபந்தனை ஆக்கியிருக்கிறது. கட்டமைப்பு, வெளிச்சுவர்-கூரை, வளாகத் தளவரிசை ஆகியவற்றின் கார்பனைக் கணக்கிட்டு, அதிகம் உமிழும் மூன்று இனங்களை அடையாளம் காட்ட வேண்டும். இந்த மூன்று இனங்கள் என்ற விதியையே இப்பதிப்பின் சிறந்த அம்சமாகக் கருதுகிறேன். வரைபடம் முடிவாகும் முன் இதைச் செய்தால், தூண்களுக்கு இடையிலான தூரத்தைக் குறைத்துத் தளத்தின் கனத்தை இறக்கலாமா, சிமென்ட்டில் ஒரு பங்குக்குப் பதிலாக, இரும்பு உருக்கும் உலையில் கழிவாக வரும் கசடை அரைத்த தூளைச் சேர்க்கலாமா என்ற பேச்சு உரிய நேரத்தில் எழும். கசடு கூடினால் ஆரம்ப வலிமை மெதுவாகத்தான் ஏறும். சென்ட்ரிங் பிரிக்கும் நாள் தள்ளிப்போகும். அடித்தளம் போன்ற பகுதிகளுக்கு 28 நாள் வலிமைக்குப் பதிலாக 56 நாள் வலிமையை ஏற்க வேண்டியிருக்கும். ஒப்பந்தப்புள்ளி கோரிய பிறகு இதைக் கேட்டால் எந்த ஒப்பந்ததாரரும் இணங்கமாட்டார், அதில் அவர்மேல் குற்றமும் இல்லை.

குறைகளுக்கு வருவோம். முன்நிபந்தனை எண்ணச் சொல்கிறதே தவிர, குறைக்கச் சொல்லவில்லை. குறைப்புக்குத் தனிப் புள்ளிகள் உண்டு என்றாலும், 20 சதவீதக் குறைப்பு பிளாட்டினத்துக்கு மட்டுமே கட்டாயம். தங்கம் போதும் என்பவர் கணக்கைச் சமர்ப்பித்துவிட்டு வழக்கமான கலவையையே ஊற்றலாம். ஒப்பீட்டு அடிப்படையிலும் எனக்கு நெருடல் உண்டு: குறைப்பை அளக்கத் திட்டக் குழுவே உருவாக்கும் ஒப்பீட்டுக் கட்டிடத்தைச் சற்றுக் கனமாக வரைந்துவிட்டால், உண்மையில் எதையும் மாற்றாமலேயே கார்பன் குறைந்ததாகக் காட்டிவிடலாம். தவிர, கட்டாயக் கணக்கு ஆலை வாசலோடு நின்றுவிடுகிறது; பொருள் எவ்வளவு தொலைவிலிருந்து லாரியில் வந்தாலும் அதில் மாற்றம் இருக்காது. உற்பத்தியாளரின் சொந்தச் சுற்றுச்சூழல் அறிக்கை கிடைக்காமல் துறையின் சராசரி எண்ணைப் போடும் இடங்களில், நல்ல ஆலைக்கும் மோசமான ஆலைக்கும் உள்ள வேறுபாடு மறைந்துபோகிறது.

இவ்விஷயத்தில் உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகத்தின் எட்ஜ் என்ற பசுமைக் கட்டிடச் சான்று எளிமையானது, கறாரானதும்கூட. ஆற்றல், தண்ணீர், கட்டுமானப் பொருட்கள் மூன்றிலும் தனித்தனியே குறைந்தது 20 சதவீதச் சேமிப்பு காட்டியாக வேண்டும். ஒன்றில் விட்டதை இன்னொன்றில் பிடிக்க வழியில்லை. ஆனால் உட்புறக் காற்றுத் தரம், இட அமைவு, போக்குவரத்து போன்றவற்றை லீட் அளவுக்கு அது விரிவாகத் தொடுவதில்லை.

லீட் வேண்டும் என்று முடிவெடுத்த கட்டிட உரிமையாளர், ஒப்பந்தத்தில் 'தங்கம்' என்று மட்டும் எழுதாமல், ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை கிலோ கார்பன் வரை அனுமதி என்ற உச்சவரம்பையும், அதை யார் எந்தக் கட்டத்தில் சரிபார்ப்பார் என்பதையும் சேர்த்தே எழுதிக்கொள்வது நல்லது.