கோத்தகிரியில் வாங்கிய கசப்புத் தேனும் ஒரு கிலோ சாமையும்

கடந்த ஆனி மாதம் கோத்தகிரிக்குச் சென்றிருந்தபோது, அங்குள்ள ‘லாஸ்ட் ஃபாரஸ்ட்’ கடையில் இரண்டு புட்டி மலைத்தேன், ஒரு கிலோ சாமை, கால் கிலோ மிளகு, ஒரு பொட்டலம் பூந்திக்கொட்டை ஆகியவற்றை வாங்கி வந்தேன். மூன்று மாதம் அவை எங்கள் வீட்டில் புழங்கிய பிறகே இதை எழுதுகிறேன். ‘பழங்குடியினர் சேகரித்தது’, ‘இயற்கை முறையில் விளைந்தது’ என்ற சொற்களைப் படித்து நெகிழ்ந்து ஒரு பொருளை வாங்கிவிடுவது எளிது. அதே பொருளை இரண்டாம் முறை வாங்குவோமா என்பதைச் சமையலறைதான் சொல்ல வேண்டும்.

முதலில் தேன். மேசையில் வைத்திருந்த புட்டிகளில் கருமை கூடிய ஒன்றை நான் எடுத்தபோது, விற்பனைக்கு நின்ற பெண், “அக்கா, அது கசக்கும், பரவாயில்லையா?” என்று கேட்டார். விற்கும் பொருளைப் பற்றி வாங்குபவரை முன்கூட்டியே எச்சரிக்கும் கடைகள் அரிது என்பதால், அந்தப் புட்டியையே எடுத்துக்கொண்டேன். துணைக்கு வெளிர்நிறத் தேன் ஒன்று. கருந்தேன் நாக்கில் பட்டவுடன் இனிப்பாகவே தொடங்குகிறது, விழுங்கிய பின் அடித்தொண்டையில் நாவற்கொட்டையை நினைவூட்டும் ஒரு துவர்ப்பும் கசப்பும் தங்குகின்றன. நாவல் மரங்கள் பூத்து ஓய்ந்த பின் எடுக்கும் தேனுக்கு இந்தக் குணம் உண்டு. தோசைக்குத் தொட்டுக்கொள்ள என் பிள்ளைகள் இதை ஒப்புக்கொள்ளவில்லை. வெளிர்த்தேன் இரண்டே வாரத்தில் தீர்ந்தது. எனக்கோ, இஞ்சிச் சாற்றில் கலந்து குடிக்கவும் தினைமாவில் பிசையவும் கருந்தேனுக்கு இணையாக வேறொன்றும் தோன்றவில்லை.

இது பெட்டியில் வளர்க்கும் தேனீயின் தேன் அன்று. செங்குத்துப் பாறைகளிலும் நெடுமரங்களிலும் ஒற்றை அடையாகக் கட்டித் தொங்கும் பெரிய மலைத்தேனீயை யாராலும் பெட்டிக்குள் அடக்க முடிந்ததில்லை. எனவே இத்தேனை அவை கூடு கட்டும் இடத்துக்குப் போய்த்தான் எடுத்தாக வேண்டும். காட்டுத்தேனில் நீர்ப்பதம் அதிகம், அதனால் அது கடைத்தேனைப் போலக் கெட்டியாக வழியாமல் சற்று நீர்த்தே ஓடும். நீர்த்திருப்பதைக் கண்டு கலப்படம் என்று ஐயுறுவோர் பலர். நானும் முன்பு அப்படி நினைத்தவள்தான். அடியில் சர்க்கரைபோல உறைவதும் கலப்படத்தின் அடையாளமன்று, தேனில் உள்ள குளுக்கோஸ் படிகமாவதே அது. இளஞ்சூடான நீரில் புட்டியை நிறுத்தி வைத்தால் கரைந்துவிடும். ஆனால், ஈரக் கரண்டியை உள்ளே விட்டால் இத்தேன் மன்னிக்காது. என் கவனக்குறைவால் கருந்தேனில் மூன்றில் ஒரு பங்கு நுரைத்துப் புளித்துப்போனது. குற்றம் முழுவதும் என்னுடையது.

தேன் எடுக்கும் முறையை அறிந்தால்தான் விலையைப் பற்றிப் பேச முடியும். நீலகிரியின் குறும்பர், இருளர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடியினரிடையே இன்ன பாறை இன்ன குடிக்கு என்னும் வழக்கம் இருந்துவருகிறது. காட்டுக்கொடிகளால் பின்னிய ஏணியில் ஒருவர் இறங்கிப் புகைகாட்டி அடையை அறுக்க, மேலே கயிற்றைக் காப்பவர் பெரும்பாலும் அவருடைய மச்சானாக இருப்பார். தன் தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் துணியமாட்டான் என்பதே அதற்குச் சொல்லப்படும் காரணம். மலைத்தேனீயின் அடையில் தேன் மேற்பகுதியில் ஒரு முனையில் புடைத்து நிற்கும், புழுக்கள் கீழே இருக்கும். தேன் உள்ள பகுதியை மட்டும் அறுத்து, புழு அடையை விட்டுவைத்தால் தேனீக்கள் மீண்டும் கட்டும். அடையை மொத்தமாகப் பிய்த்துக் கையால் பிழிந்தால் கூட்டமும் அழியும், புழுச்சாறு கலந்து தேனும் விரைவில் கெடும். ஆக, காட்டைக் காக்கும் ஒழுங்கும் புட்டியின் ஆயுளை நீட்டும் ஒழுங்கும் இங்கே ஒன்றுதான், அதனால்தான் இந்த வணிகத்தின் மீது எனக்கு நம்பிக்கை பிறந்தது.

கடையின் பின்னணியையும் சிறிது சொல்ல வேண்டும். கோத்தகிரியை மையமாகக் கொண்டு 1993 முதல் இயங்கிவரும் கீஸ்டோன் அறக்கட்டளை, தேன் எடுக்கும் பழங்குடியினரிடமிருந்தே தன் பணியைத் தொடங்கியது. அதன் விற்பனைக் கிளையாக 2010ஆம் ஆண்டில் உருவானது லாஸ்ட் ஃபாரஸ்ட். அதற்குப் பொருள் தருவோரில் முதன்மையானது ‘ஆதிமலைப் பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம்’. அதன் பங்குதாரர்கள் பழங்குடியினரே, நடத்துபவர்களும் அவர்களே. 147 ஊர்களைச் சேர்ந்த ஏறத்தாழ 1,700 உறுப்பினர்களைக் கொண்டிருந்த இந்நிறுவனம், 2021ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ‘ஈக்குவேட்டர்’ பரிசைப் பெற்றது. பரிசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, காட்டில் சேகரித்ததைத் தரகரிடம் அப்படியே கொடுத்துவிடாமல், வடித்தல், உலர்த்தல், தரம் பிரித்தல் ஆகிய வேலைகளைத் தங்கள் ஊர்ப்பகுதியிலேயே செய்து மதிப்பைக் கூட்டிக்கொள்வதுதான். தேன், மெழுகு போன்ற சிறு வனப்பொருள்கள் மீதான உடைமையை 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் காடுவாழ் மக்களுக்கு அளித்திருந்தாலும், விற்க ஒரு நேர்மையான இடம் இல்லாவிட்டால் அந்த உரிமை தாளில்தான் இருக்கும்.

இனிச் சாமை. என் கணிப்பில் இந்தக் கடையின் உண்மையான செல்வம் தேனன்று, சாமைதான். நீலகிரியின் சரிவுகளில் ராகி, சாமை, தினை, கீரை, அவரை எல்லாம் ஒரே நிலத்தில் கலந்து விதைத்த காலம் ஒன்று இருந்தது. பிறகு தேயிலை ஏறி வந்தது, தைலமரமும் சீகை மரமும் புல்வெளிகளை விழுங்கின, நியாயவிலைக் கடை அரிசி எளிதாகக் கிடைத்தது. 1990களின் இறுதியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தபோது, ஒற்றைப் பயிரை நம்பிய சிறு விவசாயிக்குக் கைகொடுக்க வேறு பயிர் நிலத்தில் இல்லை. காட்டுப்பன்றிக்கும் யானைக்கும் பயந்து இரவெல்லாம் பரண் காத்து விளைவிக்கும் தானியத்தை, முதலில் வீட்டுக்கு எடுத்துவைத்து மிஞ்சியதை விற்கும் குடும்பங்களிடமிருந்து இந்தச் சாமை வருவதால், எந்த நாளில் போனாலும் மூட்டை மூட்டையாகக் கிடைக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

இந்தச் சாமை பளபளவென்று தீட்டப்படாதது, சற்றே பழுப்பு நிறமானது. அரைமணி நேரம் ஊறவைத்து, ஒரு பங்குக்கு இரண்டரைப் பங்கு தண்ணீர் வைத்தால் குழையாமல் வெந்தது. வெண்பொங்கலுக்கு மூன்றரைப் பங்கு தேவைப்பட்டது. வாசனையில் சாமைக்கே உரிய மண்மணம் இருக்கிறது, நகரத்துக் கடைகளில் நான் வாங்கிய வெள்ளைச் சாமையில் அது இருந்ததில்லை. தவிட்டின் எண்ணெய்ப்பசை போகாதிருப்பதால் நெடுநாள் வைத்தால் சிக்கடிக்கும். ஆகவே இரண்டு மாதத்துக்கு மேல் சேமிக்க வேண்டாம். சர்க்கரை நோயைத் தீர்க்கும் அருமருந்து என்று சிறுதானியங்களைப் பற்றிப் பரப்பப்படும் பேச்சை நான் நம்புவதில்லை. சாமையும் மாவுச்சத்துதான், அளவோடுதான் உண்ண வேண்டும்.

மிளகு காரமும் நெடியும் உள்ளது, ரசத்துக்குப் பாதி அளவு போதும். பூந்திக்கொட்டையைக் கொதிக்கவைத்து வடித்த நீரில் பட்டுப்புடவை துவைத்தேன், சாயம் போகவில்லை. இவற்றைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

விலை கூடுதல்தான், அதை மறைப்பதற்கில்லை. பெரிய நிறுவனங்களின் தேனோடு ஒப்பிட்டால் மாதச் சம்பளக் குடும்பம் தினமும் பயன்படுத்தக்கூடிய பொருளாக இது அமையாது. நான் கருந்தேனை மருந்துபோலச் சிறுகச் சிறுகவும், சாமையை வாரம் இருமுறையும் என்று பிரித்துக்கொண்டேன். மதுரையிலுள்ள என் தங்கைக்கு வேறொரு புட்டி அனுப்பினேன், கூரியர்க்காரர்கள் அதை உடைத்தே கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். கண்ணாடிப் புட்டியை நேரில் வாங்கிக் கையோடு கொண்டுவருவதே நல்லது.

நேரில் போகிறவர்கள் கடையோடு திரும்பிவிடாமல், கோத்தகிரியை ஒட்டியுள்ள லாங்வுட் சோலையையும் பார்த்துவர வேண்டும். 116 ஹெக்டேர் மட்டுமே எஞ்சியுள்ள இந்தச் சோலைக்காட்டை வனத்துறையோடு சேர்ந்து உள்ளூர் மக்களின் காவல் குழு ஒன்றும் பேணிவருகிறது; சுற்றியுள்ள பல ஊர்களின் குடிநீர் இதன் ஊற்றுகளிலிருந்தே இறங்குகிறது. நான் போன அன்று மழை பெய்து அரைமணி நேரம் கழிந்திருந்தது. தேயிலைத் தோட்டத்தின் வடிகாலில் கலங்கலாகவும், சோலையின் ஓரத்தில் தெளிவாகவும் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

சித்திரை முதல் ஆனி வரை தேனுக்கு ஏற்ற காலம், சாமைக்கு அறுவடை முடிந்த தை மாதத்தை ஒட்டிப் போகலாம். நான் தையில் போவதாக இருக்கிறேன், இரண்டு கிலோவாக வாங்க.