"ஒரு மாதத்துக்கு மட்டும்" என்று பெரியவர்களை இல்லத்தில் விடப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

வீட்டில் ஞாபக மறதியோடோ படுக்கையிலோ இருக்கும் பெரியவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள், ஒரு ஆபரேஷனுக்காகவோ ஒரு கல்யாணத்துக்காகவோ அவரைக் கொஞ்ச நாள் எங்காவது விட வேண்டி வந்தால், இதைப் படித்துவிட்டுப் போங்கள். திருச்சிக்கு வெளியே இருக்கும் ஒரு தனியார் பராமரிப்பு இல்லத்தில் என் மாமியாரை ஒரு மாதத்துக்கு விட்டோம். தன் காலால் நடந்து உள்ளே போனவர், வீல்சேரில், வால் எலும்பு பக்கம் புண்ணோடு திரும்பி வந்தார். புகார் கொடுத்திருப்பதால் இல்லத்தின் பெயரை இப்போது எழுதவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள், எப்படிச் செய்தார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

அத்தைக்கு 78 வயது. சில வருஷமாக அல்சைமர் என்ற மறதி நோய். சாப்பிட வைத்தால் சாப்பிடுவார், கையைப் பிடித்தால் நடப்பார், என்னைத் தன் தங்கை என்று நினைத்துக்கொண்டு பேசுவார். பகலெல்லாம் தொந்தரவே கிடையாது. விளக்கு வைக்கிற நேரம் வந்தால்தான் கஷ்டம். "பஸ் போயிடும், நான் வீட்டுக்குப் போகணும்" என்று புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பிவிடுவார். அல்சைமர் இருக்கும் பலருக்குப் பொழுது சாயும்போது இப்படிப் பதற்றம் வரும். தடுத்தால் அதிகமாகும். "இன்னும் பஸ் வரலை அத்தை, அதுக்குள்ள காபி குடிச்சிடலாம்" என்று உட்காரவைத்து, கையில் டம்ளரைக் கொடுத்து, துவைத்த துணிகளை மடிக்கச் சொன்னால் அரை மணி நேரத்தில் அடங்கிவிடும். இதையெல்லாம் கண்டுபிடிக்க எனக்கே பல மாதம் ஆனது.

எனக்குக் கர்ப்பப்பையில் கட்டி. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன். முடிந்த பிறகு ஆறு வாரத்துக்கு எந்தக் கனத்தையும் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாத்ரூமிலிருந்து அத்தையைக் கை கொடுத்துத் தூக்காமல் எங்கள் வீட்டில் ஒரு வேளைகூட நகராது. வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. நாத்தனார் பெங்களூரில், லிப்ட் இல்லாத மூன்றாவது மாடியில். ஏஜென்சி மூலம் வந்த ஆள்கள் நிலைக்கவில்லை. அப்படித்தான் இல்லத்தைத் தேடினோம்.

மாதம் 32,000 ரூபாய், அட்வான்ஸ் 40,000, டயப்பரும் மருந்தும் தனி. நேரில் போய் எல்லாவற்றையும் விசாரித்தேன். "சிஸ்டர் இருபத்துநாலு மணி நேரமும் இருக்காங்க மேடம், டாக்டர் தினமும் ரவுண்ட்ஸ் வருவார், டிமென்ஷியா பேஷன்ட்ஸ் நிறைய பார்க்கிறோம்" என்றார் மேனேஜர். சுத்தமான ஹால், பினாயில் வாசனை, கட்டில்களில் வெள்ளை விரிப்பு. காலை பதினோரு மணிக்குப் பார்த்தால் எந்த இல்லமும் அப்படித்தான் இருக்கும்.

சேர்க்கும்போது கையால் எழுதிய இரண்டு பக்கத் தாளைக் கொடுத்தேன். எந்த மாத்திரை எத்தனை மணிக்கு, ரசம் சாதத்தைக் குழைத்துத் தர வேண்டும், தண்ணீரை மடக்கு மடக்காகத் தராவிட்டால் புரையேறும், சாயங்காலம் என்ன சொன்னால் அடங்குவார் என்று ஒவ்வொன்றாக எழுதியிருந்தேன். அத்தை வீட்டுக்கு வந்த அன்று, அவருடைய பையின் பக்கவாட்டு ஜிப்பில் அந்தத் தாள் இருந்தது. நான் மடித்த மடிப்பு கலையாமல், ஒரு கறைகூட இல்லாமல். ஒருவரும் பிரித்தே பார்க்கவில்லை.

முதல் எச்சரிக்கை இது. "செட்டில் ஆகட்டும், ரெண்டு வாரம் பார்க்க வராதீங்க. உங்களைப் பார்த்தா அழுவாங்க, அப்புறம் எங்களால சமாளிக்க முடியாது" என்று சொன்னால், அங்கே விடாதீர்கள். பள்ளிக்கூடத்தில் புதிதாகச் சேர்க்கும் குழந்தை இல்லை அவர். மறதி நோய் உள்ளவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான் பிடிமானம். அதை எடுத்துவிட்டுப் பழக்கப்படுத்துவது எப்படி? நான் ஆஸ்பத்திரியில் இருந்தேன். வீட்டுக்காரர் அவர்கள் பேச்சைக் கேட்காமல் போனார். வரவேற்பறையில் வெகுநேரம் காக்கவைத்துவிட்டு, அத்தையைத் தலைவாரி, பவுடர் போட்டு, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தார். "இப்பதான் சாப்பிட்டாங்க சார்." அடுத்த முறை போனபோதும் தூக்கம். எனக்கு வீடியோ கால் போட்டுக் காட்டியபோதும் வாய் லேசாகத் திறந்தபடி தூக்கம். பகலில் கண்ணை மூடாத மனுஷி அவர். கேட்டதற்கு, "நல்லா செட்டில் ஆயிட்டாங்க மேடம்" என்றார்கள்.

காரணம் கடைசி பில்லில் இருந்தது. மருந்துக் கணக்கில் குவெட்டியாபின் என்று ஒரு மாத்திரை, பட்டை பட்டையாக. எங்கள் நரம்பியல் டாக்டர் அதை எழுதவே இல்லை. மனநோய்களுக்குத் தரப்படும் மருந்து அது, தூக்கத்தைக் கொண்டுவரும். மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த வகை மருந்துகளைத் தந்தால் இறப்பு அபாயம் கூடுகிறது என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005-லேயே கடுமையான எச்சரிக்கை வெளியிட்டது. வேறு வழியில்லாத நேரத்தில் சில டாக்டர்கள் குறைந்த அளவில், குடும்பத்திடம் விளக்கிவிட்டு, கொஞ்ச நாளைக்குத் தருவது உண்டு. எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யார் எழுதிய சீட்டு என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. பொழுது சாய்ந்ததும் "பஸ் போயிடும்" என்று எழுந்த ஒரு வயதான பெண்ணை, ஒரு டம்ளர் காபியால் உட்காரவைக்க ஆள் இல்லாததால் மாத்திரையால் கிடத்தியிருக்கிறார்கள். இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

மயங்கிக் கிடக்கும் உடம்பு தானாகப் புரண்டு படுக்காது. எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில், அதாவது வால் எலும்பு, இடுப்பு, குதிகால் ஆகியவற்றில், ஒரே அழுத்தம் விழுந்துகொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று தோல் சாகத் தொடங்கும். அதனால்தான் படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிவிடச் சொல்கிறார்கள். ஈரமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம். பில்லில் டயப்பர் நாளுக்கு நாலு என்று கணக்கு. ஆனால் அங்கே வேலை செய்த ஒருவர், நாங்கள் அத்தையைக் காரில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணுதான்க்கா மாத்துவோம். ராத்திரியில இந்த மாடி பூரா நான் ஒருத்திதான். யாரைன்னு பார்க்கிறது?" என்றார். அவர் யார் என்று தெரியும்படி நான் எதையும் எழுத மாட்டேன். எனக்கு அவர் மேல் கோபமும் இல்லை. இருபத்துநாலு மணி நேர சிஸ்டர் என்று எங்களிடம் காசு வாங்கியவர்கள் வேறு.

வீட்டுக்கு வந்து புடவை மாற்றும்போதுதான் புண்ணைப் பார்த்தேன். ஐந்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிதாக, தோல் உரிந்து, நடுவில் மஞ்சளாக. மேனேஜருக்கு போன் செய்தால், "வரும்போதே சிவப்பா இருந்துச்சு மேடம், எங்க ரிஜிஸ்டர்ல இருக்கு." அந்த ரிஜிஸ்டரின் நகலைத் தரவும் இல்லை. பழைய புண் என்று சொன்னால் நாங்கள் எதை வைத்து மறுப்பது? அதனால் சொல்கிறேன்: சேர்க்கும் அன்றே, அவர்களுடைய சிஸ்டரை வைத்துக்கொண்டு, தலை முதல் குதிகால் வரை உடம்பைப் பார்த்து, "புண் இல்லை, சிவப்பு இல்லை, காயம் இல்லை" என்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். இரண்டு பிரதி. முதுகையும் குதிகாலையும் போனில் படம் எடுத்து வையுங்கள். நல்ல இல்லமாக இருந்தால் அவர்களே அதைச் செய்வார்கள், ஏனென்றால் அது அவர்களுக்கும் பாதுகாப்பு. முகம் சுளித்தால் அங்கேயே திரும்பிவிடுங்கள். மருந்துப் பட்டியலின் கீழே "குடும்பத்தைக் கேட்காமல் புதிதாக எந்த மாத்திரையும் தரக் கூடாது" என்று ஒரு வரி எழுதி அதற்கும் கையெழுத்து வாங்குங்கள்.

இடத்தைப் பார்க்கச் சாயங்காலம் ஏழு மணிக்கு, சொல்லாமல் போங்கள். அத்தனை கட்டிலிலும் அந்த நேரத்தில் ஆழ்ந்த தூக்கம் என்றால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே புரியும். "சிஸ்டர் இருக்காங்களா?" என்று கேட்காதீர்கள், இருக்கிறார்கள் என்றுதான் பதில் வரும். நேற்று ராத்திரி இந்த மாடியில் டூட்டி யார், அவர் நர்ஸா உதவியாளரா, எத்தனை பேரைப் பார்த்தார் என்று கேட்டு, டூட்டிப் பட்டியலைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லம் நடத்துகிறவர்கள் சமூக நலத்துறையில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தச் சான்றிதழைக் கேளுங்கள். எங்களுக்குக் காட்டியது கடை நடத்துவதற்கான உரிமம் மாதிரி ஒரு தாள், கண்ணாடிச் சட்டத்துக்குள், எட்டாத உயரத்தில்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். ஒரு மாதத்துக்கு மட்டும் தங்கியவருக்கு, "கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பே நோட்டீஸ் தரவில்லை" என்று அட்வான்சில் 32,000 பிடித்துக்கொண்டார்கள். ஒப்பந்தத்தில் அப்படி ஒரு விதி, பொடி எழுத்தில், நிரந்தரமாகத் தங்குகிறவர்களுக்காக எழுதியது. குறுகிய காலத்துக்கு விடுகிறவர்கள் அந்த வரியை அடித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

காசு கொடுத்து வாங்கிய சேவையில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். இரண்டு வருஷத்துக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைக்காமலும் வாதாடலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் பதிவு செய்தோம். முதியவர்களுக்கான உதவி எண் 14567; கொடுமை, கைவிடுதல் என்று எதுவானாலும் அங்கே சொல்லலாம்.

புண்ணை ஆற்றியது அரசாங்க நர்ஸ்தான், அதையும் சொல்ல வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியபோது சுகர், பிரஷர் மாத்திரை வீட்டுக்கு வரும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு நோய் ஆதரவுச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வரும் என்பது தெரியாது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டதும் வந்தார்கள். அந்த சிஸ்டர் டிரஸ்ஸிங் செய்ததோடு போகாமல், தலையணைகளை எப்படிச் செருகி அத்தையை ஒருக்களித்துப் படுக்கவைப்பது என்று என் வீட்டுக்காரருக்கும் கற்றுக்கொடுத்தார். மாத்திரையை எங்கள் டாக்டர் படிப்படியாக நிறுத்தினார். அத்தை இப்போது பிடித்துக்கொண்டு நிற்கிறார். முன்போல நடை இல்லை.

சொந்தக்காரர்கள் சிலர், "அதான் பெத்தவங்களை வெளியில விடக்கூடாதுங்கறது" என்கிறார்கள். அந்தப் பேச்சை நான் ஏற்கவில்லை. வருஷக்கணக்கில் ராத்திரித் தூக்கமில்லாமல் ஒருவரைப் பார்த்துக்கொள்கிற உடம்புக்கும் ஆபரேஷன் வரும், காய்ச்சல் வரும், ஓய்வும் வேண்டும். ஜப்பானில் 2000-இல் கொண்டுவந்த நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டில், குடும்பத்தார் ஓய்வெடுக்க வசதியாக முதியவர்களைக் கொஞ்ச நாள் இல்லத்தில் தங்கவைப்பதும் ஒரு சேவை. குடும்பம் செலவில் ஒரு பங்கைத்தான் கொடுக்கும். இங்கே முழுக்கக் கைக்காசு, கண்காணிப்பும் குறைவு. கேட்க நாதியில்லாமல் கிடப்பது பேசத் தெரியாமல் போன பெரியவர்கள். எனக்கு இன்னொரு முறை தேவைப்பட்டால் மறுபடியும் இடம் தேடுவேன், நான் மேலே எழுதியதையெல்லாம் கேட்டு, முதலில் இரண்டு நாள் மட்டும் விட்டுப் பார்த்து.

திருச்சிப் பக்கம் இப்படி அனுபவப்பட்டவர்கள் வேறு யாராவது இருந்தால், பில், ரசீது, மருந்துக் கணக்கு, போனில் உள்ள படங்கள் எதையும் அழிக்காமல் எடுத்து வையுங்கள். அவர்களுடைய ரிஜிஸ்டரின் நகலைத் தபாலில் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், அது அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு. வாய்ப்பேச்சாகக் கேட்டபோது எங்களுக்கு வராத பதில், நாங்கள் அனுப்பிய பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை கையெழுத்தாகித் திரும்பி வந்த பிறகுதான் வந்தது: அட்வான்சைத் திருப்பித் தருகிறோம், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று. வாங்கவில்லை.